எந்த ஆபத்துக்கு எந்தக் கவசம்?



விடியுமுன் பெரட்டுக் களத்தில் கூடுகிறோம். பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிறார்கள். மருந்தடிக்கும் கூட்டத்துக்குப் பம்பும், ஒரு ஜோடிக் கையுறையும், ஒரு துணி முகமூடியும் கிடைக்கின்றன. “எல்லாத்தையும் போட்டுக்கிட்டுப் போங்க, இன்னைக்கு சேஃப்டி ஆளுங்க வந்தாலும் வருவாங்க” என்கிறார் மண்டோர். போட்டுக்கொண்டு போகிறோம். நிரைக்குள் நுழைந்து பத்து மரம் தாண்டியதும் கையுறை இடுப்புக்குப் போய்விடுகிறது. முகமூடி கழுத்துக்கு இறங்கிவிடுகிறது. “வேக்காடு தாங்கலீங்க, மூச்சு முட்டுது” என்பது நம் பதில். மண்டோரும் பார்த்தும் பார்க்காதவர் போலப் போய்விடுகிறார்.

பல தோட்டங்களில் நடக்கும் கதைதான் இது. இதில் எல்லாரும் கேட்கும் கேள்வி, “போட்டாயா, இல்லையா?” என்பது. யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: “கொடுத்தது சரியான கவசமா? எதிரே இருக்கும் ஆபத்தை அது தடுக்குமா?” அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். அந்தக் கேள்வியில் உயிர் இருக்கிறது. அதற்குச் சாட்சி தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. நம் நெகிரி செம்பிலானே சாட்சி.

புக்கிட் பெலண்டோக் தந்த பாடம்

1998ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் ஒரு காய்ச்சல் தொடங்கியது. டிசம்பரில் அது சிரம்பானுக்கு அருகிலுள்ள சிக்காமாட்டுக்கு வந்தது. பிறகு போர்ட்டிக்சன் மாவட்டத்திலுள்ள புக்கிட் பெலண்டோக்கில் பற்றிக்கொண்டது. தலைவலி, காய்ச்சல், மயக்கம், பிறகு மூளை பாதித்து நினைவு தப்புதல் என்று ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். பண்ணைக்காரர்களோடு, அங்கே கூலிக்குப் போன நம்மவர்களும் அதில் இருந்தார்கள்.

முதலில் இது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதப்பட்டது. ஊரெங்கும் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். ஆனால் சாவு நிற்கவில்லை. ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசு கடிப்பதில் பெரியவர், சின்னவர் என்ற பேதம் கிடையாது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் குழந்தைகளைத்தான் அதிகமாகத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பெரும்பாலும் வயது வந்த ஆண்கள். பன்றியைத் தொட்டு, தூக்கி, சுமந்து வேலை செய்தவர்கள்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் உண்மையான கிருமியைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா என்ற சிற்றூரைச் சேர்ந்த நோயாளியிடமிருந்து எடுத்ததால் அதற்கு ‘நிப்பா’ என்றே பெயர் வந்தது. நம் மாநிலத்துச் சிற்றூரின் பெயரை இன்று உலகத்து டாக்டர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அது கொசுவால் வரவில்லை. நோய்ப்பட்ட பன்றியின் எச்சில், மூத்திரம், சளி இவை நேரடியாகப் பட்டதால் வந்தது. நாட்டில் 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. சிங்கப்பூரில் பன்றி வெட்டும் கூடத்தில் வேலை செய்த 11 பேருக்கு நோய் தொற்றி, ஒருவர் இறந்தார்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதுவரை உலகம் கண்டிராத கிருமி அது. ஆனால் பாடத்தை மறக்கலாமா? ஆபத்து ஓர் இடத்தில் இருந்தது, கவசம் வேறோர் இடத்தில் இருந்தது. கொசுவுக்கு எதிரான ஊசியும் புகையும் கொசுவுக்குத்தான். பட்டிக்குள் போன கூலிக்காரனுக்கு அன்று தேவைப்பட்டவை தண்ணீர் புகாத கையுறை, பூட்ஸ், கண்ணுக்கும் மூக்குக்கும் மறைப்பு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்ட குளியல். ஊசி போட்ட தைரியத்தில் வெறுங்கையோடு போனவனுக்கு அந்தத் தைரியம்தான் எமனாயிற்று.

தவறான கவசம் வெறுங்கையைவிட மோசம் என்று சொல்வது இதனால்தான். வெறுங்கைக்காரன் பயந்து பயந்து தொடுவான். தவறான கவசம் போட்டவன் பயமில்லாமல் தொடுவான்.

நாம் சுமந்த மருந்து

இனி நம் நிரைக்கு வருவோம். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் புல்லைக் கொல்ல சோடியம் ஆர்செனைட் என்ற கொடிய நஞ்சை அடித்தார்கள். பிறகு பாராகுவாட் வந்தது. நம் தாய்மார்களுக்கு அது ‘கிராமக்சோன்’ என்றால்தான் தெரியும். முதுகில் பம்பைச் சுமந்து, ஆண்டுக்கணக்கில் அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மூக்கில் இரத்தம், நகம் சொத்தையாகிக் கழன்று விழுதல், கண் எரிச்சல், தோலில் புண் என்று அவர்கள் பட்ட பாட்டைத் தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்பும் சேர்ந்து 2002இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டன.

அந்த ஆண்டே பாராகுவாட்டுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் தடை தளர்த்தப்பட்டது. மீண்டும் இழுபறி. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் மலேசியாவில் முழுத் தடை வந்தது. விழுங்கினால் மாற்று மருந்து இல்லாத நஞ்சு அது. ஒழுகும் பம்பிலிருந்து முதுகில் வழிந்து, புண்ணான தோல் வழியே உள்ளே போயும் அது உயிரைக் குடிக்கும்.

“அது போயிடுச்சே, இனி என்ன பயம்?” என்று இருந்துவிடாதீர்கள். கிளைபோசேட், குளுபோசினேட் என்று வேறு மருந்துகள் அதே பம்பில்தான் வருகின்றன. அவை பாராகுவாட்டைப் போலக் கொடியவை இல்லை என்றாலும் மருந்து மருந்துதான். டப்பாவைப் பாருங்கள். அடியில் ஒரு வர்ணப் பட்டை இருக்கும். கறுப்பும் சிவப்பும் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் அதற்கும் குறைந்தது, வெள்ளை கடைசி. படிக்கத் தெரியாதவரும் இந்த வர்ணத்தைப் படிக்கலாம். என்னென்ன அணிய வேண்டும் என்பது படமாகவும் போட்டிருக்கும். டப்பாவைப் பார்க்காமல் கலக்கிக் கொடுக்கும் மருந்தை அடிக்காதீர்கள். “இது என்ன மருந்துங்க?” என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

வேலைக்கு ஏற்ற கவசம்

மருந்தடிப்பவர்களுக்கு: மருந்து மூக்கு வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பம்பு அடிக்கும் வேலையில் அது பெரும்பாலும் தோல் வழியாகவே போகிறது. அதிலும் கை வழியாக. ஆகவே முதல் கவசம் கையுறை. நூல் கையுறையும் தோல் கையுறையும் குலை தூக்க, முள் தாங்க நல்லவை. மருந்துக்கு அவை எமன். நூல் மருந்தைக் குடித்து வைத்துக்கொண்டு, நாள் முழுக்கக் கைக்கு ஒத்தடம் கொடுக்கும். மருந்துக்கு ரப்பர் அல்லது நைட்ரில் கையுறை வேண்டும். மணிக்கட்டைத் தாண்டி நீளமாக இருக்க வேண்டும். உள்ளே துணி ஒட்டியிருக்கக் கூடாது. காலையில் அதில் தண்ணீர் ஊற்றி அழுத்திப் பாருங்கள். சொட்டினால் அது குப்பைக்கு.

போடும் முறையும் இருக்கிறது. கீழ்நோக்கி அடிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு மேலே வர வேண்டும்; மேல்நோக்கி அடிக்கும்போது சட்டைக் கையைக் கையுறைக்குள் விட வேண்டும். வழிந்து வரும் மருந்து உள்ளே இறங்காமல் இருக்கத்தான் இது. கால்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகாதீர்கள், வெளியே விடுங்கள். வேலை முடிந்ததும் கையுறையைக் கையில் இருக்கும்போதே கழுவி, பிறகு கழற்றுங்கள். அழுக்குக் கையால் கழற்றி, அழுக்குக் கையோடு மறுபடி மாட்டினால் விஷத்தை உள்ளே பூட்டி வைத்ததாகும்.

மருந்து கலக்குபவருக்குத்தான் ஆபத்து அதிகம். நிரையில் அடிப்பது தண்ணீர் கலந்த மருந்து. அவர் கையில் இருப்பது தண்ணீர் கலக்காத மூல மருந்து. ஏப்ரனும் முகத்தை மூடும் கண்ணாடித் தகடும் முதலில் அவருக்கு வேண்டும். பல இடங்களில் இது தலைகீழாக இருக்கிறது. “கலக்குறது அஞ்சு நிமிஷ வேலைதானே” என்கிறார்கள். அந்த ஐந்து நிமிஷம்தான் கண்ணைக் கெடுக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

முகமூடியில் தூசுக்கு ஒன்று, ஆவிக்கு ஒன்று என இரண்டு விதம் உண்டு. துணியும் காகிதமும் தூசை ஓரளவு நிறுத்தும். மருந்தின் ஆவியை அவை நிறுத்தமாட்டா. நனைந்த துணி, மருந்தை மூக்கோடு சேர்த்துக் கட்டியது போல ஆகும். டப்பா ஆவி முகமூடி வேண்டும் என்றால் வடிகட்டிப் பெட்டி வைத்த முகமூடிதான் வேண்டும். மருந்து வாசனை உள்ளே வந்தால் அந்தப் பெட்டி தீர்ந்தது, மாற்ற வேண்டும் என்று அர்த்தம். தாடி வைத்தவர்களுக்கு அது முகத்தோடு ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செம்பனைக் குலை வெட்டுபவர்களுக்கு: தலைக்கவசம் கட்டாயம். உயரத்திலிருந்து விழும் குலையும் மட்டையும் தலையைப் பார்த்து விழுவதில்லை. தலைக்கவசத்தின் நாடியைக் கட்டாமல் தலையில் கவிழ்த்து வைப்பது அலங்காரம். அண்ணாந்து பார்த்தவுடனே அது பின்னால் விழுந்துவிடும். மேலே பார்த்து வெட்டும் வேலை என்பதால் தூளும் பூவும் கண்ணில் விழும், அதற்குக் கண்ணாடி. முள்ளுக்குக் கெட்டியான கையுறையும் பூட்ஸும். அரிவாளைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் மோட்டார் சைக்கிளில் போகும்போதும் அதற்கு உறை. அரிவாளின் உறைதான் பின்னால் வருகிறவனின் கவசம்.

மின்கம்பி ஓடும் இடத்தில் அலுமினியக் கம்பால் வெட்டுவதற்கு மட்டும் எந்தக் கவசமும் கிடையாது. தலைக்கவசமும் பூட்ஸும் அங்கே காப்பாற்றா. அந்த மரத்தை விட்டுவிடுவதுதான் பாதுகாப்பு. நிர்வாகம் மின்வாரியத்தோடு பேசிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பால் வெட்டுபவர்களுக்கு: இருட்டில் நடக்கும் காலுக்குப் பாம்பைத் தடுக்கும் உயரமான பூட்ஸ், தலையில் நல்ல விளக்கு. பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டைக் கையாளுபவருக்கு ரப்பர் கையுறையும், பக்கங்களும் மூடிய கண்ணாடியும். ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றுங்கள். தண்ணீரை ஆசிட்டில் ஊற்றாதீர்கள். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிஷத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து பட்டாலும் இதுதான் முறை. போகும்போது டப்பாவின் லேபிளையும் கொண்டுபோங்கள்.

எல்லாருக்கும் பொதுவான ஒன்று, அளவு. ஆண்களுக்குச் செய்த பெரிய பூட்ஸைப் பெண்கள் போட்டால் கால் புரளும். பெரிய கையுறையில் விரல் நிற்காது. அதனால் கழற்றிப் போடுகிறார்கள். கவசத்தை வாங்குவதற்கு முன் அதைப் போடப் போகிறவளின் கையையும் காலையும் அளந்து வாங்குவது பெரிய காரியமா?

வெயிலும் கவசமும்

“வேக்காடு தாங்கல” என்று சொல்லும் தொழிலாளியைச் சோம்பேறி என்று ஏசுவது எளிது. அவர் சொல்வது உண்மை. நம் நாட்டு வெயிலில் பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுப் பம்பைச் சுமந்தால் வியர்வை வற்றி மயக்கமே வரும். ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனமே 1985இல் ஏற்று, பின்னர் திருத்திய பூச்சிக்கொல்லி ஒழுங்கு நெறிகளில் ஒன்று சொல்கிறது. தாங்க முடியாத, விலை அதிகமான, எளிதில் கிடைக்காத கவசத்தைப் போட்டால்தான் அடிக்க முடியும் என்றால், அந்த மருந்தையே தவிர்க்க வேண்டும் என்கிறது அது. முக்கியமாக வெப்ப நாடுகளின் தொழிலாளர்களுக்கு.

கவசம் தாங்காவிட்டால் தொழிலாளியை மாற்றாதே, மருந்தை மாற்று என்பதே இதன் பொருள். மாற்றும் வரை, காலை வேளையில் அடித்து வெயில் ஏறுமுன் நிறுத்த வேண்டும். நிழலில் ஓய்வு, குடிக்கத் தண்ணீர், கழுவ வேறு தண்ணீரும் சோப்பும் நிரையிலேயே வைக்க வேண்டும். பம்பு ஒழுகினால் முதலில் பம்பைப் பழுது பார்க்க வேண்டும். பம்பு ஒழுகாமல் இருப்பதும் ஒரு கவசம்தான். காற்று எதிரே வந்தால் அடிக்காமல் இருப்பதும் கவசம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1967ஆம் ஆண்டு தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் இயந்திரம் ஓடும் இடத்தைப் பார்த்தது. நிரையில் நின்ற நம்மைப் பார்க்க 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வர வேண்டியிருந்தது. அதன் 15ஆம் பிரிவு, தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் பொறுப்பு என்கிறது. 24ஆம் பிரிவு, கொடுத்த கவசத்தை ஒழுங்காக அணிவது தொழிலாளியின் கடமை என்கிறது. 26ஆம் பிரிவு, பாதுகாப்புக்காகச் சட்டப்படி செய்ய வேண்டியதற்கோ கொடுக்க வேண்டியதற்கோ தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது. கையுறைக்கும் பூட்ஸுக்கும் சம்பளத்தில் வெட்டு விழுந்திருந்தால் சும்மா இருக்காதீர்கள்.

2000ஆம் ஆண்டு இரசாயன ஒழுங்குமுறை விதிகள் வரிசையைச் சொல்கின்றன. முதலில் ஆபத்தான இரசாயனத்தையே நீக்கு. முடியாவிட்டால் வேறொன்றை வை. அதுவும் முடியாவிட்டால் வேலைமுறையை மாற்று. கையுறையும் முகமூடியும் கடைசி. நடைமுறையில் கடைசிப்படியை மட்டும் தொழிலாளி கையில் கொடுத்துவிட்டு, முதல் மூன்று படிகளை மறந்துவிடுகிறார்கள்.

2024 ஜூன் 1 முதல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு அமலில் இருக்கிறது. 15ஆம் பிரிவை மீறினால் முன்பு 50,000 வெள்ளியாக இருந்த அபராதத்தின் உச்ச வரம்பு இப்போது 5 லட்சம் வெள்ளி. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளி அதைப் போக்காதபோது, அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையும் தொழிலாளிக்குக் கிடைத்திருக்கிறது. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் உங்கள் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா? அவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளைப் பெரட்டில் கேளுங்கள்.

அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ உண்டு. நம் பக்கத்து நிரையில் நிற்கும் இந்தோனேசியத் தம்பிக்கும் வங்காளதேசத் தம்பிக்கும் இது தெரியாமல் இருக்கலாம். சொல்லிக் கொடுங்கள். நம் தாத்தாமார் கப்பலிலிருந்து இறங்கியபோது அவர்களுக்கும் ஒன்றும் தெரியாதுதானே?

வீட்டுக்குள் வரும் விஷம்

கடைசியாக ஒன்று, தாய்மார்களுக்கு. மருந்தடித்த சட்டையோடு வீட்டுக்குள் வந்து, ஓடிவரும் பிள்ளையைத் தூக்கும் பாசத்தை யார் குறை சொல்வார்கள்? ஆனால் அந்தச் சட்டையில் மருந்து இருக்கிறது. முதலில் குளியல், பிறகு பிள்ளை. மருந்துத் துணியைப் பிள்ளைகள் துணியோடு ஊற வைக்காதீர்கள். தனி வாளியில், கையுறை போட்டுத் துவையுங்கள். தோட்டமே குளியலறையும் துவைக்கும் இடமும் கட்டிக் கொடுத்து, மருந்துடுப்பை அங்கேயே வைத்துக்கொள்வதுதான் சரி. மருந்து டப்பா எவ்வளவு நல்ல பிளாஸ்டிக்காக இருந்தாலும் தண்ணீர் பிடிக்க வீட்டுக்கு வரக் கூடாது. வயிற்றில் பிள்ளை இருப்பவரையும் பால் கொடுப்பவரையும் மருந்து வேலைக்கு அனுப்பவே கூடாது. வேறு வேலை கொடுக்க வேண்டும்.

நிர்வாகத்தினருக்கு நம் வேண்டுகோள் இது. மொத்தமாக மலிவு விலையில் ஒரே விதக் கையுறையை வாங்கி எல்லா வேலைக்கும் கொடுத்துவிட்டு, கணக்கில் ‘கொடுத்தாயிற்று’ என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளாதீர்கள். இது எந்த ஆபத்துக்கு என்று ஒரு வரி சொல்லிக் கொடுங்கள். தொழிற்சங்கக் கிளைத் தலைவர்களே, சம்பளப் பேச்சில் காட்டும் வேகத்தில் பாதியை இதிலும் காட்டுங்கள். பேசியும் பயன் இல்லையென்றால் வேலையிடப் பாதுகாப்பு இலாகாவுக்குச் சிரம்பானில் அலுவலகம் இருக்கிறது.

தோழர்களே! “இத்தனை வருஷமா வெறுங்கையாலதான் அடிச்சேன், எனக்கு என்ன ஆச்சு?” என்று பெருமை பேசும் அண்ணன்மார் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. அவர் இங்கே நின்று பேசுகிறார். பேச முடியாமல் போனவர்கள் வந்து பதில் சொல்லப் போவதில்லை. லாபுவிலிருந்து பாகாவ் வரை, லிங்கியிலிருந்து கிம்மாஸ் வரை, நாளைக் காலைப் பெரட்டில் கையுறையை வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “இது எதுக்குங்க? இன்னைக்கு நான் தொடப் போறதை இது தடுக்குமா?” அந்தக் கேள்வியைப் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதில் வந்தே தீரும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். நம் உடம்புதான் நம் குடும்பத்தின் சுவர்.